மண் தொடட்டும் பிள்ளைகள்

நல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பீங்கான் புதிதில்லை. விருத்தாசலம் போனால் பொம்மை, அகல்விளக்கு, ஃபியூஸ் கேரியர் எல்லாம் அங்கேயே உருவாவதைப் பார்க்கலாம். நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. செராமிக் காலேஜ் என்று நாங்கள் சொல்லும் அரசுப் பயிலகமும் அந்த ஊரில்தான் இருக்கிறது. இவ்வளவு இருந்தும், எங்கள் தலைமுறையில் பள்ளிப் பாடமாக அந்த மண்ணைத் தொட்டவர்கள் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு மண், படிக்கிறவர்களுக்குப் புத்தகம் என்று பிரித்து வைத்திருந்தோம்.

அந்தப் பிரிவினை வீண் என்று எனக்குப் புரியவைத்தது நான் குடியேறிய பின்லாந்து. இங்கே ஏழாம் வகுப்பு வரை ஓவியமும் கைவேலையும் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். பையன்களும் தைக்கிறார்கள், பெண்களும் மரம் இழைக்கிறார்கள்.

என் மகள் பள்ளியில் செய்த களிமண் கோப்பையின் கைப்பிடி, காயும்போதே விட்டுப்போனது. ஆசிரியை அதை ஒட்டித் தரவில்லை. "ஏன் விட்டிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். கோப்பை பாதி காய்ந்த பிறகு ஈர மண்ணில் பிடி செய்து ஒட்டியிருக்கிறாள். ஈர மண் அதிகம் சுருங்கும், அதனால் விட்டது என்று அவளே கண்டுபிடித்தாள். அடுத்த முறை இரண்டையும் ஒரே பதத்தில் வைத்து, ஒட்டும் இடத்தைக் கீறி, மண்குழம்பு தடவி ஒட்டினாள். விடைக்குறிப்பு இல்லாத பாடம் அது. அங்கே தவறை மறைக்கவும் முடியாது, தவறுக்காகத் திட்டும் விழாது. காரணத்தைத் தேடினால்தான் அடுத்த கோப்பை நிற்கும்.

ஹெல்சிங்கியில் அன்னன்தாலோ என்றொரு கலை இல்லம் இருக்கிறது. 1886-ல் பள்ளிக்கூடமாகக் கட்டிய கட்டடம், 1987 முதல் சிறுவர்களுக்கானது. நகரத்துப் பள்ளிகளிலிருந்து முழு வகுப்பும் ஆசிரியரோடு பள்ளி நேரத்திலேயே வருகிறது. வாரம் இரண்டு மணி நேரமாக ஐந்து வாரம். கட்டணம் கிடையாது. நன்றாக வரைகிற பிள்ளை, வரையத் தெரியாத பிள்ளை என்று யாரும் பிரிப்பதில்லை.

"பணக்கார நாடு, செய்யலாம்" என்பார்கள் ஊரில். ஊனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் இந்த நாட்டு மக்கள் பள்ளிகளில் கைவேலை கட்டாயமானது 1866-ல். அப்போது இது ரஷ்யப் பேரரசின் கீழிருந்த ஏழை நிலம். 1866 முதல் 1868 வரை கொடும் பஞ்சம். கையில் காசு சேர்ந்த பிறகு கலைக்கு வந்தவர்கள் அல்லர் இவர்கள்.

நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு சேதி உண்டு. ஹெல்சிங்கியின் புகழ்பெற்ற அராபியா பீங்கான் ஆலை 1873-ல் தொடங்கியது. 2016-ல் அங்கே உற்பத்தி நின்றது. ஆனாலும் அந்தக் கட்டடத்தில் பீங்கான் கலைஞர்கள் இன்றும் வேலை செய்கிறார்கள். ஆலையை மட்டும் நம்பிய கைத்திறன் ஆலையோடு போய்விடும். பள்ளியில் வேர்விட்டது தங்கும் என்றே நான் நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் மேடையேறும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் போட்டி, ஏற்கெனவே திறமை தெரிந்த பிள்ளையைத்தான் தேடும். தயங்கி நிற்கும் பிள்ளைக்கு வாராவாரம் வகுப்பு வேண்டும். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பேரை எடுத்தார்கள்; அதுவும் பகுதிநேரமாக, வாரத்துக்கு மூன்று அரைநாள். ஓவிய ஆசிரியர் அரைநாள் ஆளாக இருக்கும்வரை ஓவியமும் அரைப் பாடம்தான்.

நல்லூர் ஒன்றியத்துப் பள்ளிகளில் தொடங்கலாம். மண்ணும் சூளையும் பக்கத்திலேயே இருக்கின்றன. சொல்லித்தர பயிலக மாணவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களை ஆசிரியர்களாக அழைத்து, உரிய சம்பளம் கொடுக்க வேண்டும். பொம்மைக்குக் கண் எழுதும் ஒரு தாய் தன் பிள்ளையின் வகுப்பிலேயே நின்று பாடம் நடத்தினால், அம்மாவுக்குத் தெரிந்ததும் கல்விதான் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். கலைக்கல்வியால் வரும் பெரிய லாபம் அதுதான். அதற்கு நல்லூர்ப் பிள்ளைகள் கடல் தாண்டி வர வேண்டியதில்லை.