எங்கள் ஊர்ப் பெயரில் இருந்த வங்கி

1901-இல் தொடங்கிய தஞ்சாவூர் வங்கியை இன்று டெல்டாவில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 157 கிளைகள் இருந்தன. அது நொடித்தபோது, 1990-இல் இந்தியன் வங்கியோடு இணைத்தார்கள். பணம் போட்டவர்கள் தப்பினார்கள். அது சரியான முடிவுதான்.

ஆனால் இப்படிப்பட்ட கட்டாய இணைப்பில் பங்குதாரர் வாக்கெடுப்பு கிடையாது. ரிசர்வ் வங்கி திட்டம் தீட்டும், மத்திய அரசு ஒப்புதல் தரும், அவ்வளவுதான். தாங்கிப் பிடித்த இந்தியன் வங்கியே 1995-96-இல் ஆயிரம் கோடிக்கு மேல் நட்டப்பட்டது. கடன் கொடுத்ததில் முறைகேடு என்று சிபிஐ வழக்குகள் வந்தன. அதைத் தூக்கி நிறுத்த அரசு போட்டது நம் வரிப்பணம்.

குறுவைச் செலவுக்கு நகையை அடகு வைக்கப் போகிறவரிடம் சிட்டா, அடங்கல் எல்லாம் கேட்கிறார்களே, வங்கிகளை இணைக்கும் கோப்பில் யார் என்ன எழுதினார் என்று அவரும் கேட்டுப் பார்க்க வழி வேண்டும்.