ஒரு சொட்டு ஆயில்

"சிறு துளி பெரு வெள்ளம்" என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மழைக்கும் சேமிப்புக்கும் சொன்ன பழமொழி. காருக்கு அடியில் சொட்டும் ஆயிலுக்கும் அது பொருந்தும் என்று இந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் கார் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே ஒரு காரால்தான்! 1986 மாடல் அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அப்பா அதற்கு இருபத்திரண்டு வருட டிரைவர். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சென்ற கோடை விடுமுறையில் வண்டியில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஒரு பட்டறையில் எட்டிப் பார்த்ததுமே, "பின்பக்க சீல் போயிடுச்சு, இன்ஜினை இறக்கணும், இருபதாயிரம் ஆகும்" என்றார்கள். 2014-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. "இவ்வளவு செலவு பண்றதுக்குப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்றாராம் பெரியவர். அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் என் படிப்பு...?

பழைய சர்வீஸ் மேனுவல் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அந்த 1489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்தது. அதில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது! திருகு மரை மாதிரி ஒரு காடி வெட்டியிருக்கும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்தக் காடியே ஆயிலை உள்ளே தள்ளிவிடும். இல்லாத சீல் எப்படிப் போகும்?

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என்ன போட்டிருக்கு, படி தம்பி" என்றார். நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் படித்து அப்பா உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியவரிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினோம். மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து இன்ஜினைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு முகப் பவுடரைத் தூவினோம். "கீழே ஒழுகுறதுக்கு மேலே என்னடா தேடுற?" என்று அப்பா சிரித்தார். இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டோம். வெள்ளைப் பவுடரில் ஆயில் வந்த தடம் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. டாப் கவரின் பின் மூலையிலும் பக்கவாட்டு டேப்பெட் கவரிலும் கசிந்து, பிளாக் வழியாக இறங்கி, பெல் ஹவுசிங் அடியில் சொட்டியிருக்கிறது. சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு!

ஏன் கசிந்தது? டேப்பெட் கவரோடு சேர்ந்த பிரீதர் குழாயைக் கழற்றினால், உள்ளே சேறு மாதிரி கறுப்பு அடைப்பு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி சம்புக்குள் கொஞ்சம் வாயு இறங்குவது இயல்பு. அது வெளியேறும் வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். பேக்கிங், சீல், காடி என்று எது கிடைத்தாலும் அந்த வழியாக ஆயிலைப் பிதுக்கும். அடைப்பை எடுக்காமல் புது சீல் போட்டால் அதுவும் ஒழுகத்தான் செய்யும்.

குழாயைச் சுத்தம் செய்தோம். கவர் விளிம்பின் நெளிவைத் தட்டிச் சமமாக்கிப் புது கார்க் பேக்கிங் போட்டோம். நான் ஸ்பேனரை இன்னும் ஒரு சுற்று இழுக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்தார். "போதும். இறுக்கினா கார்க் நசுங்கும், கவர் வளையும்." எந்த மேனுவலும் படிக்காத கை அது!

கிராங்க் புல்லிக்குப் பின்னால் உள்ள முன்பக்க சீலும் பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது. அதையும் மாற்றினோம். சீலின் உதடு ஆயில் இருக்கும் உள்பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சம அளவுக் குழாய்த் துண்டு வைத்துக் கோணாமல் இறக்க வேண்டும். டைமிங் கவர் போல்ட்டுகளை லூசாக வைத்து, புல்லியை ஏற்றி, சீல் நடுவில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும்.

மொத்தச் செலவு எழுநூறு ரூபாய்க்குள். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் விரித்த அட்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுதான் கறை. காடி வைத்த இன்ஜின் அந்த அளவு வியர்ப்பது சகஜம். பெரியவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஓடட்டும்யா" என்று மட்டும் சொன்னார். அப்பாவுக்கு அது போதும்.

நண்பர்களே! நாளை நாமும் பட்டறையில் நிற்போம். ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பம் இருக்கலாம். "இதை மாத்து" என்று சொல்லும் முன், எங்கே கசிகிறது, ஏன் கசிகிறது என்று இரண்டு கேள்வி கேட்போம். பதில் பாதி புத்தகத்தில் இருக்கும். மீதி அப்பா மாதிரி ஆட்களின் கையில் இருக்கும். இரண்டையும் படிப்போம்!

— இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு