கியர்பாக்ஸுக்கும் காய்ச்சல் வரும்

நேயரின் குரலை வைத்தே அவர் மனநிலையைச் சொல்லிவிடலாம். வானொலி தந்த பழக்கம் அது. தானியங்கி கியர்பாக்ஸ் அப்படியெல்லாம் பேசாது. பெரும்பாலான கார்களில் முன்பலகை காட்டுவது இன்ஜின் தண்ணீரின் சூட்டைத்தான். கியர் எண்ணெயின் சூட்டை அல்ல.

மாதந்தோறும் சாஆவிலிருந்து சிகாமட் மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போவது அப்பாவின் பழைய கார்தான். லாபிஸ் வழியே, செம்பனை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பயணம். நடுவழியில் கார் நின்றால் அம்மாவின் சிகிச்சை தவறிவிடும்.

அதனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி துளையில் சிறு புளூடூத் கருவியைச் செருகி, கைப்பேசிச் செயலியோடு இணைத்தேன். கியர் எண்ணெயின் சூடு உடனே வந்துவிடாது. அந்தந்த மாடலுக்குரிய குறியீட்டைச் செயலியில் சேர்க்க வேண்டும். சில கார்களில் அதுவும் கிடைக்காது.

பொதுவாக 80 முதல் 95 டிகிரி வரை கவலையில்லை. 120-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் எண்ணெய் சீக்கிரம் கெடும். ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் ‘பி’யில் வைத்து ஆறவிடுவது நல்லது.

ஓட்டுபவர் கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. “மெதுவா போங்க” என்று எத்தனையோ வருடம் சொல்லியும் கேட்காத அப்பா, “நூத்தி அஞ்சுங்க” என்றதும் காலைத் தளர்த்துகிறார்.