மேம்படுத்தியதும் மந்தமான பழைய டேப்லெட்

2012இல் ஆண்ட்ராய்டு 4.1 உடன் வந்த நெக்சஸ் 7 டேப்லெட், 2014 நவம்பரில் 5.0 லாலிபாப் ஏற்றப்பட்டதும் பலர் கையில் ஆமையாக நகர்ந்தது. அதன் ராம் 1 ஜிபி மட்டுமே. சேமிப்பகம் இன்னொரு முட்டுக்கட்டை: பிளாஷ் நினைவகத்தில் பழையதை அழித்த பிறகே புதியது எழுதப்படும், காலியிடம் குறையக் குறைய அந்த வேலை இழுபடும்.

மேம்படுத்திய முதல் நாள் கருவியை சார்ஜரிலேயே விட்டுவிடுவது நல்லது. செயலிகளைச் சீரமைக்கும் வேலை பின்னணியில் நடக்கும். பிறகு வேண்டாத செயலிகளை நீக்கி, படங்களைக் கணினிக்கு மாற்றி, சில ஜிபியாவது காலியாக்க வேண்டும். ரிக்கவரி பகுதியில் கேஷை அழித்தால் சொந்தக் கோப்புகள் போகாது. ஃபேக்டரி ரீசெட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிரதி எடுக்காமல் அதைத் தொடக்கூடாது.

நெக்சஸுக்கு 4.4.4 பதிப்பை கூகுளே வெளியிட்டிருந்ததால் பின்னோக்கித் திரும்பவும் வழி இருந்தது. ஆனால் பழைய பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வங்கிக் கணக்குக்கு அது ஆகாது.

வெயிலில் இன்னொன்றும் உண்டு: சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது உறையைக் கழற்றி மின்விசிறியடியில் வைத்தாலே போதும்.