நீல வாணம்

எழும்பூர் ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸை விட்டு இறங்குகிற நீலச் சட்டைக்காரன் ஒருவனை "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால், அவன் "விருதுநகர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நல்லது. "சிவகாசிப் பக்கம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்கு மனப்பாடம்.

"பட்டாசு கொண்டு வந்தீர்களா?"

கொண்டு வரவில்லை. ரயிலில் பட்டாசு ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். நேரு ஸ்டேடியத்தின் வாசலிலோ தீப்பெட்டியைக்கூட உள்ளே விடமாட்டார்கள். நான் கொண்டுபோவதெல்லாம் சாத்தூர்ச் சேவு அரைக் கிலோ. கால்பந்து பார்ப்பதற்காக 500 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து, காலையிலிருந்து மாலை வரை சென்னையில் பொழுதைப் போக்கி, ஆட்டம் முடிந்த பிறகு தூக்கக் கலக்கத்துடன் இரவு பஸ்ஸைத் தேடி ஓடுகிற மனிதனுக்கு அந்தச் சேவுதான் துணை. பெரும்பாலும் தோல்வியும் கூட வரும்.

இந்தியன் சூப்பர் லீக் 2014-ம் வருஷம் ஆரம்பமாயிற்று. சென்னைக்கென்று ஏற்பட்ட சங்கத்துக்கு "சென்னையின் எப்.சி." என்று நாமகரணம் செய்தார்கள். இதைக் கேட்ட எங்கள் தெருத் தமிழ்ப் பண்டிதர் திடுக்கிட்டுப் போனார். "சென்னையின் என்ன ஐயா? சென்னையின் கடலா, சென்னையின் கொசுவா? ஆறாம் வேற்றுமையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டார்களே!" என்றார். "அது கோடிட்ட இடம், ஐயா. வருஷத்துக்கு வருஷம் நாங்கள் நிரப்பிக்கொள்வோம்" என்றேன். அப்போது ஏதோ சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் அது வெறும் உண்மையாக இருக்கிறது.

விருதுநகரில் கால்பந்துப் பைத்தியம் பிடிப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. விருதுபட்டி என்று பெயர் கொண்டிருந்து 1923-ல் விருதுநகரான இந்த ஊர் வியாபாரத்தையே சுவாசித்து வாழ்வது. வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் இவற்றின் விலையைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஒருவருக்கும் பொழுது விடியாது. காமராஜர் பிறந்த ஊர் என்ற பெருமை உண்டு. எண்ணெயில் முறுகப் பொரித்தெடுக்கும் பரோட்டாவின் பெருமையும் உண்டு. பந்தைப் பற்றிப் பேசுவதென்றால் கிரிக்கெட் பந்துதான். ஆகவே, எனக்கு முக்கியமான ஆட்டம் எதுவானாலும் நான் பஸ் ஏறிச் சிவகாசிக்குப் போய்விடுவேன். அங்கே பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேனாக இருக்கும் ஒரு தம்பி, எப்படியோ என்னிடமிருந்து இந்த வியாதியைத் தொற்றிக்கொண்டவர். அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் சீரியல்களுக்கு அத்தனை ஆதிக்கம் இல்லை.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி சுமார் 25 கிலோமீட்டர். இரு புறமும் கரிசல் நிலமும் கருவேலங்காடும். அந்தக் காட்டுக்குள்ளே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, சின்னஞ்சிறு அறைகளாகக் கட்டிடங்கள் தெரியும். முதல் முறை பார்ப்பவர்கள் ஏதோ ஆள் இல்லாத பள்ளிக்கூடம் என்று நினைப்பார்கள். அவைதான் பட்டாசு ஆலைகள். மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஓர் அறையில் விபரீதம் நேர்ந்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காகவே இந்த இடைவெளி. மழை குறைந்த வானமும் இரக்கமற்ற வெயிலும் விவசாயிக்குச் சாபம். மருந்தையும் திரியையும் காயவைக்கிறவருக்கு அவையே மூலதனம்.

இந்தத் தொழில் வந்த வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டாகும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு வந்தது. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் படத்திலிருந்து அச்சுத் தொழில் வந்தது. "குட்டி ஜப்பான்" என்று பேர் வந்தது. எல்லாம் சரி. ஆனால் அவர்கள் போன காலத்துக் கல்கத்தா எப்படிப்பட்டது? 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி, மோகன் பகான் சங்கத்தார், ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தை வாங்கினார்கள். வெள்ளைக்காரனை அவனுடைய ஆட்டத்திலேயே வெல்லலாம் என்று தேசத்துக்குத் தெரிந்த நாள் அது. அந்த மைதானத்தின் பேச்சு ஓய்ந்திராத நகரத்துக்குப் போய்வந்த நம்மவர்கள், தீக்குச்சியோடு ஒரு பந்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?

இதைச் சொன்னபோது போர்மேன் தம்பி, "பந்து கொண்டு வந்திருந்தால் நீங்கள் ஆடியிருப்பீர்களாக்கும், அண்ணாச்சி!" என்றார். எனக்கு மூட்டு வலி உண்டு என்பது அவருக்குத் தெரியும்.

நான் பட்ட முதல் அடி 2014-லேயே விழுந்தது. அரை இறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளத்தாரிடம் 0-3 என்று தோற்றோம். சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கையிலே, மூன்று கோலையும் திருப்பிப் போட்டார்கள். மூன்றாவது கோல் விழுந்தபோது பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதிகப்படி நேரம் முடிவதற்குச் சில நிமிஷங்களே இருக்கையில் கேரளம் ஒரு கோல் போட்டுவிட்டது. அழுதவர் மறுபடி அழுதார். சேவுப் பொட்டலத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. சொந்த மைதானத்தில் நடக்கவேண்டிய அரை இறுதி ஆட்டத்தைப் புனாவுக்கு மாற்றினார்கள். வீடிழந்த ஜனங்கள் இருக்கும்போது ஆட்டத்தைப் பற்றி வருத்தப்படுவது வெட்கமாயிருந்தது. வருத்தப்படாமலும் இருக்க முடியவில்லை. புனாவில் கல்கத்தாவை 3-0 என்று வென்று, திரும்ப ஆட்டத்தில் தோற்றும், மொத்தக் கணக்கில் இறுதிக்குப் போனோம். டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, கோவாவின் பதோர்தா மைதானம். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்தியது. தம்பியின் மனைவி சோறு போடட்டுமா என்று கேட்டாள். நான் "போடம்மா" என்றேன். 90-வது நிமிஷத்தில் கோவாவின் கோல்கீப்பரே பந்தைத் தம் வலைக்குள் தள்ளிக்கொண்டதாகக் கணக்கு. அதற்கு இரண்டு நிமிஷம் கழித்து மெண்டோசா மூன்றாவது கோலைப் போட்டார். சோறு ஆறிப் போயிற்று. அன்று இரவு சிவகாசியில் எங்கள் வெற்றிக்காக ஒரு வெடியும் வெடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். பட்டாசு செய்கிற ஊரில் வீணாக வெடி வெடிக்கமாட்டார்கள்; மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பதில்லையே!

இரண்டாவது கோப்பை 2018-ம் வருஷம் மார்ச் 17-ந் தேதி. சனிக்கிழமை. சிவகாசியில் சனிக்கிழமை சம்பள நாள். சாயங்காலமானால் கடைத்தெருவில் கால் வைக்க இடமிராது. விரலில் அலுமினியப் பொடியின் வெள்ளிப் பூச்சு முற்றிலும் போகாத பெண்கள் பூவும் பழமும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம்பியின் வீட்டுக்குப் போனபோது நான் ஒரு கோரிக்கையோடு போயிருந்தேன்.

"தம்பி, இன்றைக்கு ஜெயித்தால் ஒரு நீல வாணம் விட வேண்டும். சிவப்பு, பச்சை வேண்டாம். சட்டை நிறத்தில் சுத்த நீலம்."

அவர் சிரித்தார். "கேட்கிறதிலேயே கஷ்டமானதைக் கேட்கிறீர்கள், அண்ணாச்சி. சிவப்புக்கு ஸ்டிரான்ஷியம் இருக்கிறது, பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம். இவையெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கும். நீலத்துக்குத் தாமிரம். அது குளோரினோடு சேர்ந்து எரிந்தால்தான் நீலம். சூடு குறைந்தால் வெளிச்சமே தெரியாது. சூடு மிஞ்சினால் அந்தச் சேர்க்கை உடைந்து, நீலம் வெளிறி ஒன்றுமில்லாமல் போய்விடும். நடுவிலே ஒரு மயிரிழை இருக்கிறது. அதிலே நிற்கவேண்டும்."

என்னுடைய சங்கத்தைப் பற்றி இவ்வளவு சரியாக விளையாட்டு நிபுணர் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மயிரிழையில் நின்றோம். பெங்களூரில், பெங்களூர்க்காரர்களின் சொந்த மைதானத்தில், 9-வது நிமிஷத்தில் சேத்ரி தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். மைல்சன் என்ற பிரேஸில் தேசத்துத் தடுப்பாட்டக்காரர் தலையாலேயே இரண்டு கோல் போட்டுப் பதில் சொன்னார். ராபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசி நிமிஷங்களில் அவர்கள் ஒன்று போட்டு எங்கள் உயிரை வாங்கினாலும் 3-2 என்று கோப்பை நம்முடையதாயிற்று. நீல வாணத்துக்குப் பதில் தம்பி ஒரு சாதாரணப் பூச்சட்டி வைத்தார். பொன் நிறமாகப் பூத்தது. எனக்கு நீலமாகவே தெரிந்தது.

அதே வருஷம் அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யவேண்டும், தீபாவளியன்று இரவு இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம். டில்லியின் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றைப் பற்றிய கவலை நியாயமானது. இதை எங்கள் பக்கத்தில் உரக்கச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் நியாயம்தான். வழி என்னவென்று தெரியாத ஆலைக்காரர்கள் நவம்பரில் ஆலைகளை மூடினார்கள். மாதக்கணக்கில் அந்தச் சிற்றறைகளில் ஆள் இல்லை. சனிக்கிழமைக் கடைத்தெருவில் தாராளமாக நடக்கலாம் என்று ஆயிற்று.

அந்தப் பருவத்தில் சென்னையின் எப்.சி. ஆடிய 18 ஆட்டங்களில் வென்றது இரண்டே. 9 புள்ளிகள், பத்துச் சங்கங்களில் பத்தாவது இடம். முந்தின மார்ச்சில் சாம்பியன்! நான் மூன்று தடவை ரயிலேறினேன்; மூன்று தடவையும் தோல்வி. இதற்கு மேல் வயிற்றெரிச்சல் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அதே பருவத்தில் கோயம்புத்தூர் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி என்ற இன்னொரு சங்கம், 2019 மார்ச் 9-ந் தேதி, ஐ-லீக் சாம்பியனாயிற்று. விருதுநகரிலிருந்து கோவைக்குப் பாதித் தூரந்தான். தமிழ்நாட்டுக்கு ஒரு கோப்பை வந்த வருஷத்தில் நான் தப்பான ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்த வருஷம் ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவர் போர்மேன் தம்பிதான். வேலை இல்லை அல்லவா? ஒரு நாள் தோல்விக்குப் பிறகு நான் ஆட்டக்காரர்களைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"உங்கள் ஆட்களாவது மைதானத்துக்குப் போகிறார்கள், அண்ணாச்சி."

நான் வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு நாளும் அப்படித்தான் மூடிக்கொண்டேன். ஒரு சின்னப் பிசகினால் ஆட்டம் போயிற்றே என்று புலம்பியபோது, அவர் முதலிப்பட்டி இருக்கும் திக்கைப் பார்த்தார். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி அங்கே நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உதவி செய்ய ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. உராய்வு என்று பத்திரிகைகள் ஒரு வார்த்தையில் எழுதிவிடும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டு தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் தோற்ற ஆட்டத்துக்கு அழமாட்டார்.

2020-ல் மறுபடியும் இறுதி. மார்ச் 14, சனிக்கிழமை, அதே பதோர்தா, எதிரி கல்கத்தா. கோவா போக நான் எடுத்த டிக்கெட் வீணாயிற்று. கொரோனாவின் காரணமாகப் பார்வையாளர் ஒருவருமில்லாமல் ஆட்டத்தை நடத்தினார்கள். உதைக்கிற சப்தமும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற சப்தமும் மட்டும் தொலைக்காட்சியில் கேட்டன. கோவில் கதவைச் சாத்திவிட்டு உற்சவம் நடத்தியது போல் இருந்தது. 1-3 என்று தோற்றோம்.

"கல்கத்தாவில் வாங்கிவந்த தீக்குச்சிக்கு இன்றைக்கு வட்டியோடு வசூல் பண்ணிவிட்டார்கள்" என்றார் தம்பி.

பிறகு நடந்தவற்றை விஸ்தரிக்க மனமில்லை. இரண்டு பருவங்கள் முழுதும் கோவாவில் அடைபட்ட ஆட்டம். இரண்டிலும் எட்டாவது இடம். 2024-25-ல் பதின்மூன்று சங்கங்களில் பதினோராவது. 2025-ல் ஒப்பந்தத் தகராறு ஒன்றினால், வழக்கமாகப் புரட்டாசி வாக்கில் தொடங்கவேண்டிய லீக் தொடங்கவேயில்லை. தீபாவளி வந்தது, ஆட்டம் வரவில்லை.

தீபாவளிக்குச் சில நாட்களுக்குப் பிறகு தம்பியிடமிருந்து போன் வந்தது. "பொழுது சாய்ந்ததும் ஆலை ரஸ்தாவுக்கு வாருங்கள். உள்ளே விடமாட்டேன். வெளியே நின்று பாருங்கள்" என்றார். அடுத்த வருஷத்து ரகங்களுக்கு மாதிரி வாணங்களைச் சோதித்துப் பார்க்கும் நாளாம்.

கருவேலங்காட்டின் ஓரத்தில், இருட்டில், தனியாக நின்றேன். முதலில் சிவப்பு. பிறகு பொன். பிறகு நட்சத்திரம் போல வெள்ளை. வெகு நேரம் ஒன்றுமில்லை. பூச்சிகளின் சப்தம் மட்டும். திரும்பிவிடலாமா என்று நினைக்கையில் ஒரு வாணம் எழும்பி, உச்சியில் நின்று, பிரிந்தது.

நீலம். வெளிறாத நீலம். மூன்று எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது.

சற்று நேரம் கழித்து தம்பி கேட் அருகே வந்தார். "பார்த்தீர்களா, அண்ணாச்சி? மூன்று செகண்டுதான் நிற்கிறது."

"2015-ல் நமக்கு இரண்டு நிமிஷம் நின்றது" என்றேன்.

"லீக் எப்போது ஆரம்பமாம்?"

"தேதி போடவில்லை."

"இங்கே அச்சாபீஸில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்துக் காலண்டருக்கு மாதிரி போட்டுவிட்டார்கள். அமாவாசை, பௌர்ணமி, கரிநாள் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஆட்டத்துக்கு மட்டும் தேதி இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தம்பி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். "வந்தவுடன் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மாட்டியிருப்பதிலும் குறித்துவிடுங்கள்."