700 மீட்டர் வாசல்

உஸ்குதார், இஸ்தான்புல்

அன்புள்ள முருகேசா,

மசூதி, அரண்மனைப் படங்களை எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். அவற்றைப் பற்றி எழுதுவதற்கு ஊரில் ஆள் குறைவில்லை. இது வியாபாரக் கடிதம். 2022இல் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்து, கடைக்காரர்களுக்கு ஆளுக்கு இத்தனை டின்தான் என்று நீ பங்கு போட்டுக் கொடுத்தாயே, அந்த எண்ணெய் வருகிற வழியை இங்கே தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

இது பாஸ்பரஸ் நீரிணை. வடக்கே கருங்கடல், தெற்கே மர்மரா கடல், நடுவில் சுமார் 31 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தத் தண்ணீர்ப் பாதை. இந்தப் பக்கம் ஆசியா, அந்தப் பக்கம் ஐரோப்பா என்று எல்லாரும் வியப்பார்கள். இங்கே வேலைக்குப் போகிறவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆசியாவில் பல் துலக்கி, ஐரோப்பாவில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் காய்கறியோடு ஆசியாவுக்குத் திரும்புகிறான். படகுக்கும் பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டை. படகில் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர் தருவார்கள். எள் ஒட்டிய வளைய ரொட்டி ஒன்றை வாங்கி, பாதியைத் தான் தின்று மீதியைக் கடல் காகங்களுக்கு வீசுவது ஊர்ப் பழக்கம்.

நான் பார்க்கப் போனது குறுக்கே ஓடும் இந்தப் படகுகளை அல்ல, நெடுக்கே போகும் கப்பல்களை. வருஷத்துக்குச் சுமார் 40,000 கப்பல்கள் போகின்றன. கரையில் அரை மணி நேரம் நின்றால் போதும், எது சரக்கோடு போகிறது, எது காலி என்று நீயே சொல்லிவிடுவாய். வடக்கே போகிற கப்பல் பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே உயர்ந்து, அடிப்பாகத்தின் சிவப்புச் சாயம் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் தெரியப் போகும். தெற்கே வருகிறதில் அந்தச் சிவப்பு மறைந்திருக்கும், மேல்தளம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கும். உள்ளே கோதுமை, மக்காச்சோளம், கச்சா எண்ணெய், உரம், உன் சூரியகாந்தி எண்ணெய். உக்ரைன், ருமேனியா, பல்கேரியா, ஜார்ஜியா ஆகிய நாடுகளுக்குப் பெருங்கடல் போகும் வாசல் இதுதான். ரஷ்யாவின் நோவரசீஸ்க் துறைமுகத்துக்கும் இதுதான். ஆறுகள், கால்வாய்கள் வழியாகச் சரக்குத் தோணிகள் உள்நாட்டுக்குள் போகலாம். பெரிய கப்பலுக்கு வேறு வழியே கிடையாது.

அந்த வாசல் எவ்வளவு அகலம் தெரியுமா? மிகக் குறுகிய இடத்தில் சுமார் 700 மீட்டர். நம் பாக் நீரிணை எந்த இடத்திலும் 50 கிலோமீட்டருக்குக் குறையாது, ஆனால் ஆழம் இல்லாததால் பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகிறது. இங்கே அகலம் இல்லை, ஆழம் இருக்கிறது. கந்தில்லி என்ற இடத்தருகே 110 மீட்டர் வரை இறங்குகிறது. அந்த ஒடுக்கத்தின் இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு கோட்டைகள். ஆசியக் கரையில் இருப்பது 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. எதிர்க்கோட்டையை இரண்டாம் மெஹ்மத் 1452இல் சில மாதங்களில் எழுப்பினார். நின்று வரி கட்டாத கப்பலுக்குப் பீரங்கி. நிற்காமல் போன ஒரு வெனிஸ் கப்பலை மூழ்கடித்தார்கள். தானியம் வருகிற வழி அடைபட்டது, மறு வருஷம் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. அதற்கும் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பாரசீக மன்னன் டேரியஸ் இந்த நீரிணையில் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டுப் படையைக் கடத்தினான் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

ஒடுக்கம் மட்டும் என்றால் மாலுமிகள் சமாளித்துவிடுவார்கள். வளைவுதான் சிக்கல். கந்தில்லியில் 45 பாகை, யெனிகோயில் 80 பாகை திரும்ப வேண்டும். எதிரே வரும் கப்பல் வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். பின்னாலிருந்து நீரோட்டம் தள்ளும். ஒரு நாள் யெனிகோய் கரையில் நின்றபோது ஒரு தானியக் கப்பல் திரும்புவதைப் பார்த்தேன். முகப்பு நேரே கரை வீடுகளைப் பார்த்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, முகப்பு விலகியது. கப்பல் போன பின்னால்தான் அலை வந்து படித்துறையில் மோதியது. பெரியவர் தம் வாளியை ஒரு படி மேலே எடுத்து வைத்தார்.

எல்லாம் எப்போதும் இப்படி முடிவதில்லை. 1979 நவம்பர் 15 அன்று ருமேனியாவின் 'இண்டிபெண்டென்ட்டா' என்ற எண்ணெய்க் கப்பல் தெற்கு வாசலில் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலோடு மோதி வெடித்தது. 43 மாலுமிகள் இறந்தார்கள், கப்பல் வாரக்கணக்கில் எரிந்தது. 1994இல் 'நாசியா' என்ற கப்பலின் விபத்து. அதன் பிறகுதான் போகிற தடம், வருகிற தடம் என்று பிரித்தார்கள். இப்போது பெரிய எண்ணெய்க் கப்பல் வந்தால் எதிர்த்திசையை நிறுத்திவிட்டு, பகல் வெளிச்சத்தில்தான் விடுகிறார்கள். முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் மர்மரா கடலில் நங்கூரம் போட்டு நிற்பதை ஐரோப்பியக் கரையிலிருந்து பார்க்கலாம். அப்படியும் 2018 ஏப்ரலில் 'விட்டாஸ்பிரிட்' என்ற கப்பல் இயந்திரம் பழுதாகி, கரையோரத்து 18ஆம் நூற்றாண்டு மரமாளிகை ஒன்றுக்குள் புகுந்துவிட்டது. ஓரான் பாமுக் தம் 'இஸ்தான்புல்' நூலில், ஜன்னலோரம் உட்கார்ந்து கப்பல்களை எண்ணும் தம் பழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். தமிழிலும் வந்திருக்கிறது, உன் மகளுக்கு வாங்கிக் கொடு.

நீரோட்டம் என்றேன் இல்லையா, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டான்யூப், டினீப்பர், டினீஸ்டர் என்று பெரிய ஆறுகள் கருங்கடலில் விழுகின்றன. வெயிலில் ஆவியாவதைவிட வந்து சேர்வது அதிகம். அதனால் கருங்கடலின் மட்டம் மர்மராவைவிடச் சுமார் ஓர் அடி உயரம். மேல்தண்ணீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடிக்கொண்டே இருக்கிறது, சாதாரணமாக மணிக்கு 3, 4 கடல் மைல் வேகம். அர்னாவுத்கோய் முனையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் சுழித்து, நரம்பு புடைத்து ஓடுகிறது. துடுப்புப் படகுக் காலத்தில் அந்த முனையைத் தாண்ட முடியாமல், கரையில் ஆட்கள் நின்று கயிறு கட்டிப் படகை இழுப்பார்களாம்.

வேடிக்கை இதன் அடியில்தான். கருங்கடல் மேல்தண்ணீரில் கிலோவுக்குச் சுமார் 18 கிராம் உப்பு. மத்தியதரைக் கடலிலிருந்து வந்து மர்மராவின் அடியில் கிடக்கும் தண்ணீரில் சுமார் 38 கிராம். உன் கடையில் எண்ணெய் தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரிதான், லேசானது மேலே, கனமானது கீழே. கனமான தண்ணீர் அடியோடு அடியாகத் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஒரே நீரிணை, மேலே ஒரு திசை, கீழே நேர் எதிர்த் திசை.

இங்குள்ள மீனவர்களுக்கு இது எப்போதோ தெரியும், வலையை இறக்கினால் அடிவலை எதிர்ப்பக்கம் இழுக்கும். அதைக் கேள்விப்பட்டுச் சோதித்தவர் லூயிஜி மார்சிலி என்ற இத்தாலியர். 1679இல் இங்கே வந்தபோது வயது 21. வெள்ளைச் சாயம் பூசிய தக்கைத் துண்டுகளை ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டிப் படகிலிருந்து இறக்கினார். மேல் தக்கைகள் தெற்கே சாய்ந்தன, ஆழத்தில் இருந்தவை வடக்கே சாய்ந்தன. அத்தோடு விடவில்லை. ஒரு தொட்டியை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் உப்பு அதிகமான தண்ணீரும் மறுபக்கம் உப்பு குறைந்த தண்ணீரும் ஊற்றி, தடுப்பில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று துளை போட்டார். மேல் துளை வழியாக ஒரு திசையிலும் கீழ்த் துளை வழியாக மறு திசையிலும் தண்ணீர் ஓடியது. 1681இல் புத்தகமாக வெளியிட்டார். கடலியல் என்ற படிப்புக்கு இதுவே முதல் சோதனை என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் அதில் மறுப்பில்லை.

ஜிப்ரால்டரில் கணக்கு தலைகீழ். மத்தியதரைக் கடலில் ஆறுகள் கொண்டுவருவதைவிட ஆவியாவது அதிகம், அதனால் அட்லாண்டிக் தண்ணீர் மேலே உள்ளே வருகிறது, உப்பேறிய தண்ணீர் அடியில் வெளியே போகிறது. வரைபடத்தில் எல்லா நீரிணையும் ஒரே மாதிரி நீலக் கோடுதான். உள்ளே இருக்கிற கடலுக்கு வரவு அதிகமா செலவு அதிகமா என்பதை வைத்துத்தான் ஒவ்வொன்றின் குணமும்.

இந்த இரட்டை நீரோட்டம் பொறியாளர்களையும் படுத்தியிருக்கிறது. 2013இல் திறந்த மர்மராய் ரயில் சுரங்கத்தைக் கடலடியைக் குடைந்து போடவில்லை. 11 பெரிய குழாய்களைக் கரையில் வார்த்து, மிதக்கவிட்டு, கொண்டுவந்து அடியில் இறக்கி இணைத்தார்கள். இறங்கும்போது மேல்நீரோட்டம் ஒரு பக்கமும் கீழ்நீரோட்டம் மறுபக்கமும் தள்ளும். ஆழமான இடத்தில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர். உஸ்குதாரில் ஏறினால் நாலு நிமிஷத்தில் ஐரோப்பா. வேகந்தான், ஆனால் தேநீர் கிடையாது. பலத்த தென்காற்று அடிக்கிற நாளில், லோதோஸ் என்பார்கள், மேல்நீரோட்டமே திசை மாறும், படகுகள் நிற்கும், அன்றைக்கு ஊரே இந்தச் சுரங்கத்தில்தான் நெருக்கும்.

இனி அரசியல், சுருக்கமாக. இந்த வாசலைத் திறப்பதும் மூடுவதும் 1936இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின் கையில். அமைதிக் காலத்தில் எந்த நாட்டு வணிகக் கப்பலும் போகலாம். உள்ளூர் வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொள்வதுகூடக் கட்டாயமில்லை. இவ்வளவு வளைவுக்கு நடுவில் அது எனக்குத் துணிச்சலான சலுகையாகவே படுகிறது. போர்க்கப்பலுக்குத்தான் கெடுபிடி. கருங்கடல் கரையில்லாத நாட்டின் போர்க்கப்பல் உள்ளே 21 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. போர் மூண்டால், சண்டையிடும் நாடுகளின் போர்க்கப்பலைத் துருக்கி தடுக்கலாம், சொந்தத் தளத்துக்குத் திரும்புவதைத் தவிர. 2022 பிப்ரவரி கடைசியில், உக்ரைன் போர் மூண்டதும், அதைத்தான் செய்தது. ஏப்ரலில் ரஷ்யாவின் 'மாஸ்க்வா' போர்க்கப்பல் மூழ்கியபோது, அதே வகைக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் இருந்தும் ரஷ்யாவால் உள்ளே கொண்டுவர முடியவில்லை. ஒரு காகிதத்துக்கு அத்தனை பலம்.

பாஸ்பரஸுக்கு மேற்கே 45 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிதாக ஒரு கால்வாய் வெட்டும் திட்டம் 2011 முதல் பேச்சில் இருக்கிறது. நெரிசல் குறையும் என்கிறார்கள். இயற்கையான வழி திறந்திருக்க, எவன் சுங்கம் கட்டிக் கால்வாயில் போவான்? ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி போகும், ஏற்கெனவே திணறும் மர்மராவில் இன்னும் அழுக்கு சேரும் என்று எதிர்க்கிறார்கள். 2021இல் மர்மரா முழுக்கக் கோழைபோல ஒரு நுரைப்படலம் மிதந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். நான் எதிர்ப்பவர்கள் பக்கம்.

உன் டின்னுக்கு வருவோம். ஒடெஸா பக்கம் ஏற்றின எண்ணெய் பாஸ்பரஸ் தாண்டி, மர்மரா தாண்டி, அடுத்த ஒடுக்கமான டார்டனெல்ஸ் தாண்டி, சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடலில் இறங்கி, பாப் எல் மண்டப் வழியாக அரபிக் கடலுக்கு வருகிறது. மூன்று நீரிணை, ஒரு கால்வாய். நம் நாட்டுக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைன், ரஷ்யச் சரக்கு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின, பயணம் வாரக்கணக்கில் நீண்டது. பாப் எல் மண்டப்புக்காவது அப்படிச் சுற்றுவழி உண்டு. பாஸ்பரஸுக்கு அதுவும் இல்லை.

அதனால் ஒன்று செய். அடுத்த முறை இறக்குமதிக்காரர் போனில் "கப்பல் லேட் ஆகுது" என்றால், எந்த இடத்தில் லேட் என்று கேட்டு வாங்கு. பாஸ்பரஸில் மூடுபனி, காற்று என்றால் ஓரிரு நாளில் விலகிவிடும், பதறி விலையை ஏற்றாதே. செங்கடலில் என்றால் கையில் இருக்கிற சரக்கை ஒரே நாளில் விற்றுத் தீர்த்துவிடாதே, சின்னக் கடைக்காரர்களுக்கு எடுத்து வை.

அன்புடன்,
சேகர்