நைனாவின் மோளமும் அண்ணனின் கிடாரும்

"இனிமே எவன் சாவுக்கும் மோளம் அடிக்க மாட்டேன்" என்று எங்க நைனா சொன்னபோது நான் பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. மோளம் பரணுக்குப் போனது. அதன்பிறகு ஊரில் யாரும் கழனி வேலைக்குக் கூப்பிடவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூட்டை தூக்கப் போனார். நான் எம்.ஏ. தமிழ் படித்தது அந்தக் கூலியில்தான்.

அந்த வீட்டுக்குள் அண்ணன் கிடாரோடு வந்தான். சர்ச்சில் கற்றுக்கொண்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல், பர்மா பஜார் சிடியில் ராக் பாட்டு கேட்டு வாசிப்பான்.

"ஒரு எழவ வுட்டா இன்னொரு எழவா?" என்றார் நைனா.

"இது கருப்பருங்க பாட்டு நைனா. பருத்திக்காட்டுல அடிமையா கெடந்தவங்க பாட்டுலேர்ந்து வந்தது. கிடாருக்கு சாதி இல்ல."

கிடாருக்கு இல்லை, வாசிக்கிறவனுக்கு உண்டு. கல்யாணக் கச்சேரிகளில் சினிமாப் பாட்டு வாசித்தவரை "தம்பி" என்றார்கள். சுடுகாட்டுக்குப் பாதையில்லாமல் வரப்பில் பிணம் தூக்கிப் போவதைத் தானே எழுதி, மெட்டுக்கட்டிப் பாடிய ராத்திரி மைக்கைப் பிடுங்கினார்கள். "காசு வாங்கினல்ல, சொன்னத வாசி." நைனா காலமெல்லாம் கேட்ட அதே சொல்.

2018 ஜனவரி 6ஆம் தேதி நைனாவையும் இழுத்துக்கொண்டு கீழ்ப்பாக்கம் போனோம். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதிபேதமற்ற' என்பதிலிருந்து வந்த பெயர். கானா, ராப், ராக். கிடாருக்குப் பக்கத்திலேயே பறை. இடஒதுக்கீட்டைப் பற்றிகூட ஒரு பாட்டு.

அண்ணன் கிடாரைப் பார்த்தான். நைனா பறை அடித்தவரின் கையையே பார்த்தார்.

திரும்பும் ரயில் பொன்னேரி தாண்டியதும் கேட்டார்: "இன்னாத்த அடிக்கணும்னு அந்தப் புள்ளைங்களுக்கு எவனாச்சும் சொன்னானா?"

"இல்ல நைனா."

வேறெதுவும் பேசவில்லை.

பறை நம் விடுதலைக் கருவி என்று கூட்டங்களில் முழங்குகிறவன் நான். ஆனால் எங்கள் வீட்டு மோளம் இன்றும் பரணில்தான். அதை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிக்க மாட்டேன் என்று அவர் வைத்ததும் போராட்டம்தானே. அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து இன்னும் பாட்டெழுதுகிறான். வரப்பில் பிணம் போகிற பாட்டை மட்டும், இப்போது நைனா வாசலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்கிறார்.